தாளாளர் ஒரு தடவைதான் கேட்பார்

எங்கள் பாலிடெக்னிக்கில் வணிகப் பயிற்சிப் பிரிவு தொடங்கியது மாணவிகளின் முன்னேற்றத்துக்காக என்று ஆண்டு மலரில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை டைப் அடித்துக் கொடுத்தவள் நானேதான். உண்மை வேறு. எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்து மில் ஆபீஸ்களில் இங்கிலீஷில் ஒரு கடிதத்தை ஒழுங்காக அடிக்க ஆள் கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து ஒரு ஸ்டெனோவைக் கூட்டிவந்து வைத்தால், ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்வதற்குள் அந்த ஆள் திரும்ப பஸ் ஏறிவிடுவார். எங்கள் தாளாளர், அதாவது கல்லூரியை நடத்திய டிரஸ்டில் எல்லாமாக இருந்தவர், நூல் மில் வைத்திருந்தார். அவர் ஆபீஸிலிருந்து பம்பாய்க்குப் போன ஒரு கடிதத்தில் 'முடியாது' என்ற சொல் விட்டுப்போய், அனுப்பவே முடியாத நூலுக்கு அங்கிருந்து நன்றி சொல்லித் தந்தி வந்தது. சிவில், மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் என்று மூன்று பிரிவு வைத்து நடத்துகிறோம், ஒரு கடிதம் அடிக்கப் பிள்ளைகளைத் தயார் பண்ண முடியாதா என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில் பிறந்தது எங்கள் டிப்பார்ட்மெண்ட்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பி.காம். படித்து, டைப்பிங்கில் ஹையர், சுருக்கெழுத்தில் ஹை ஸ்பீடு முடித்துவிட்டு, மாப்பிள்ளை அமையும்வரை வீட்டில் சும்மா இருந்தேன். நேர்காணலில் தாளாளர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் மழை இல்லாததையும் பருத்தி வரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். போகச் சொல்லிவிடுவார்கள் என்று நான் உட்கார்ந்திருந்தபோது, "இப்ப நாங்க பேசினத வாசிங்க" என்றார். மடியில் இருந்த சர்டிபிகேட் கவரின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. வாசித்தேன். அடுத்த வாரமே வேலைக்கு வரச் சொன்னார்கள்.

எங்களுக்கு ஒதுக்கியது சிவில்காரர்கள் காலி செய்த டிராயிங் ஹால். மேஜைகள் எல்லாம் படம் வரைவதற்கென்று சாய்வாகச் செய்தவை. அதில் டைப்ரைட்டரை வைத்து, ஒரு வரி முடிந்து, காகிதம் சுற்றியிருக்கும் கேரேஜைத் தள்ளினால், மிஷின் மொத்தமும் பிள்ளையின் மடியை நோக்கி இறங்கி வரும். புது மேஜை கேட்டு எழுதினேன். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். கார்ப்பெண்டரி ஷாப்பில் கெஞ்சி மரத்துண்டுகளைச் சரித்து வெட்டி வாங்கி, மிஷினுக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சமாளித்தோம். முட்டு நிற்காத மேஜையில் ஒரு பிள்ளை அடிக்க இன்னொரு பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு என்றவர்களுக்கு அந்த அடுத்த ஆண்டு வரவே இல்லை.

பிள்ளைகள் சோழபுரத்திலிருந்தும் வன்னியம்பட்டியிலிருந்தும் வந்தார்கள், மில் லைன் வீடுகளிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பையன்கள் மூன்று நாலு பேர், கடைசி பெஞ்சில், தப்பான கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி முழிப்பார்கள். பெண்ணை மெக்கானிக்கலில் சேர்க்க யாருக்கும் மனசு வராது. இதில் சேர்த்தால் ஃபேனுக்கு அடியில் வேலை, பொழுது சாய்வதற்குள் வீடு. மெக்கானிக்கல் பையன்கள் எங்களுக்கு 'டக்கு டக்கு டிப்பார்ட்மெண்ட்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய ஆசிரியர்கள் மட்டும் என்ன, "உங்களுக்கென்ன டீச்சர், கிரீஸ் படாத இன்ஜினியரிங்" என்பார்கள். அங்கே எல்லாரும் சார், எல்லாரும் ஹெச்.ஓ.டி. நான் ஹெச்.ஓ.டி. ஆன பிறகும் டீச்சர்தான். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. வெளியே காட்டிக்கொண்டதில்லை.

கணக்குப் பதிவு, வணிகச் சட்டம், கடிதம் எழுதுவது என்று பல பாடம் இருந்தாலும் பிரிவின் உயிர் சுருக்கெழுத்துதான். ஏதோ சொல்லைக் குறுக்கி எழுதுவது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். காதில் விழுகிற சத்தத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். மெல்லிய சத்தத்துக்கு மெல்லிய கோடு, அழுத்தமான சத்தத்துக்கு அழுத்தமான கோடு. வேகம் வரவிடாமல் தடுப்பது அர்த்தம். சொன்னது என்ன என்று ஒரு கணம் யோசித்தால் கை நின்றுவிடும், அதற்குள் ஒரு வரி போய்விடும். "ஏட்டி, அர்த்தம் வாசல்ல செருப்போட நிக்கட்டும். சத்தம் மட்டும் உள்ள வரட்டும்" என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டியது. பேப்பரில் வந்த தலையங்கத்தை வேகமாக வாசித்து முடித்துவிட்டு, "இப்ப நான் எதப் பத்தி வாசிச்சேன்?" என்று ஒருத்தியை எழுப்பிக் கேட்பேன். "விலைவாசி பத்தி டீச்சர்" என்றால் திட்டு விழும். "தெரியலயே டீச்சர்" என்று விழிக்கிறவள் தேறிவிட்டாள். பக்கத்து அறையில் சர்வே பாடம் எடுக்கிறவர் இதை ஒருநாள் கேட்டுவிட்டு, "எங்க கிளாஸ்ல எவனும் சொல்லிக்குடுக்காமலே எல்லாப் பயலும் இதக் கத்துக்கிட்டான் டீச்சர்" என்றார்.

வேகம் குறையாமல் இருக்க எனக்கும் பயிற்சி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கத்தை எழுதுவேன். போதகருக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். சபைக்கு முன்னால் என்னைக் காட்டி, "தேவனுடைய வார்த்தையை ஒன்றுகூடக் கீழே விழவிடாத சகோதரி" என்று ஒரு தடவை சொன்னார். என் வீட்டுக்காரர் கோயிலுக்கு வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும். நான் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன பிரசங்கம்?" என்று விடாமல் கேட்பார். நோட்டை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவருக்கு அது பெரிய வேடிக்கை. சண்டை போடும்போது மட்டும் வேடிக்கை இல்லை. அவர் கத்திக்கொண்டிருக்க, என் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். "நான் பேசுறது கேக்குதா, இல்ல எழுதிட்டு இருக்கியா?" என்பார். கேட்கிறது என்பேன். அவர் என்ன கேட்டார் என்று திரும்பிச் சொல்லவும் செய்வேன், சொல்லுக்குச் சொல். அதற்கு அவருக்கு இன்னும் கோபம் வரும்.

கல்லூரியின் நிர்வாகக் குழு கூடும்போதெல்லாம் மினிட்ஸ் எழுத என்னைக் கூப்பிடுவார்கள். ஆபீஸில் சுருக்கெழுத்து தெரிந்த ஆள் கிடையாது. குழுவில் எல்லாரும் ஊர்ப் பெரிய மனிதர்கள், தாளாளரின் சொந்தக்காரர்கள். கூட்டம் தமிழில் தொடங்கும், நடுவில் தீர்மானம் எல்லாம் இங்கிலீஷில் போகும், சொந்த விஷயம் வந்தால் அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்குக்கு இறங்கிவிடும். கடைசியில் தாளாளர், "டீச்சரம்மா, வாசிங்க" என்பார். நான் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். அது அவருடைய வழக்கம்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டம். கேண்டீன் எடுத்து நடத்தியவர் தட்டில் வடையோடு வந்து நின்றார். அவரை வைத்துக்கொண்டே அவர் விஷயத்தைப் பேச வேண்டியதாகிவிட்டது, அதனால் தெலுங்கில் பேசினார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் சத்தம் சத்தம்தானே, எழுதிவிட்டேன். கடைசியில் வாசிக்கச் சொன்னபோது அதையும் சேர்த்து, அவர்கள் இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்தி வாசித்தேன். காலித் தட்டு எடுக்க வந்த கேண்டீன்காரர் பக்கத்தில்தான் நின்றார். பிறகு தாளாளர் சிரிக்க ஆரம்பித்தார், எல்லாரும் சிரித்தார்கள், ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, உங்களுக்குத் தெலுங்கு வருமா?"

"வராது சார்."

"பொறவு எப்படி?"

"நீங்க பேசினது காதுல விழுந்துச்சு சார்."

வடை கல் மாதிரி இருக்கிறது, அடுத்த வருஷம் இவன் வேண்டாம் என்று அவர்கள் பேசியதைக் கூட்டத்தில் இருந்த கல்லூரி முதல்வர் பிறகு எனக்குச் சொன்னார். அந்த அறையில் அது புரியாத ஆட்கள் இரண்டு பேர், கேண்டீன்காரரும் நானும். அன்றிலிருந்து நான் இல்லாமல் கூட்டம் கிடையாது. வெளியூர் ஆட்கள் வந்தால் தாளாளர் என்னைக் காட்டி, "இவுங்க காதுல விழுந்தது தப்பாது" என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

என் அப்பா வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் பிளவக்கல் அணையில் மதகு பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அங்கேயே இருந்தார். ஒருநாள் நான் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக வாசித்துக்கொண்டிருக்கும்போது அட்டெண்டர் கதவருகே வந்து நின்றார். எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர், சுற்றறிக்கை, டீ எல்லாம் அவர்தான். "டீச்சர், வத்திராயிருப்புலருந்து போன் வந்துச்சு. உங்க அப்பா காலைல தவறிட்டாவளாம்" என்றார். வாட்சைப் பிடித்த கையின் கட்டைவிரல் அதை எழுதியது. தவறிட்டாவளாம் என்பது நீளமான சொல், நல்ல வளைவாக வரும். நான் வாசித்துக்கொண்டிருந்த பத்தியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அதை வாசித்து முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் முன் பெஞ்சுப் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அழுகிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சித்தி சொன்னது காதில் விழுந்தது. அதையும் விரல் எழுதியது.

பிரிவு நன்றாகத்தான் நடந்தது. எண்பதுகள் முடிகிற சமயம் ராஜபாளையத்தில் எந்த மில் ஆபீஸுக்குப் போன் போட்டாலும் எடுப்பது என் பிள்ளையாக இருக்கும். சிமெண்ட் ஆலையில் இருந்தார்கள், கோர்ட்டில் இருந்தார்கள், பேங்கில்கூட இருந்தார்கள். வன்னியம்பட்டியில் களை எடுத்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து வந்த ஒருத்தி, மதுரை கலெக்டர் ஆபீஸில் ஸ்டெனோ ஆகிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பாவோடு என்னைப் பார்க்க வந்தாள். எங்கள் ஊர் பால்கோவாவை மதுரையிலிருந்து வந்து எனக்கே கொடுத்தாளே என்று சிரித்தேன். அன்றைக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அவளுடைய அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஒரு ஏ.சி. அறை கட்டினார்கள். கல்லூரியில் முதல்வருக்கே ஏ.சி. கிடையாது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் பிள்ளைகளை ஒரு பீரியடாவது உள்ளே விடுங்கள் என்று கேட்டேன். டைப் அடிக்கிற பிள்ளைகள் கீயை ஓங்கிக் குத்திக் குத்திப் பழகினவர்கள், கீபோர்டை உடைத்துவிடுவார்கள் என்றார் அந்த அறைக்குப் பொறுப்பானவர். அவருக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. வகுப்புக்கு வெளியே கல்லூரிக்குள் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். சத்தம் போட்டும் பலனில்லை.

பஜாரில் சந்துக்குச் சந்து கம்ப்யூட்டர் சென்டர் போர்டு தொங்கியது. எங்கள் ஹாலில் மேஜைகள் காலியாகிக்கொண்டே வந்தன. மில்லில் வேலை பார்த்த பழைய மாணவி ஒருத்தி வந்து, "மேனேஜர் இப்ப அவரே அடிச்சிக்கிடுதாரு டீச்சர், என்னைய ஸ்டோருக்கு மாத்திட்டாவ" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. மழை வருமா வராதா என்கிற குரலில் சொன்னாள்.

நான் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு யோசனை வைத்திருந்தேன். டைப்ரைட்டரை விட்டுவிடுவது, கணக்கையும் கடிதத்தையும் கம்ப்யூட்டரில் சொல்லிக்கொடுப்பது, பிரிவின் பெயரை மாற்றுவது. மற்ற ஊர்களில் அப்படி மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் மாற்ற, கம்ப்யூட்டர் அறையில் கொஞ்சம் நேரமும், சென்னைக்கு ஒரு விண்ணப்பமும், ஒரு வருஷ அவகாசமும் போதும். அதற்கெல்லாம் குழு ஒத்துக்கொள்ள வேண்டும். தாளாளர் தலையசைத்தால் குழு ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் முதல்வர் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் எதையும் மேஜையைப் பார்த்துத்தான் சொல்லுவார்.

"நாளைக்கு உங்க டிப்பார்ட்மெண்ட் விஷயம் வருது டீச்சர். மூடிரலாம்னு பேசிக்கிறாங்க. முடிவாகல. தாளாளர் உங்களக் கேப்பார். உங்க யோசனைய அப்பவே சொல்லிருங்க. அவர் ஒரு தடவைதான் கேப்பார், தெரியும்ல."

தெரியும். கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பார், அவசரப்படுத்த மாட்டார். பதில் வரவில்லையென்றால் சரி என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போவார், திரும்ப அந்தப் பக்கம் வரவே மாட்டார். டெக்ஸ்டைல் ஹெச்.ஓ.டி. ஒரு தடவை யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி ஒரு புது மிஷினை இழந்தார்.

"வேணும்னா நாளைக்கு மினிட்ஸ வேற யாராவது எழுதட்டும்" என்றார் முதல்வர்.

"வேற யாரு சார் இருக்கா? ஆபீஸ்ல உள்ளவங்க எழுதினா, நீங்க டீ குடிச்சு முடிச்ச பொறவும் 'அனைவரையும் வரவேற்று'லயே நிப்பாங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் வரும்போது, சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன். பிரிவை மூட வேண்டாம் சார், பாடத்தை மாற்றிக்கொள்கிறோம், ஒரு வருஷம் கொடுங்கள். நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. ஊர் வந்து இறங்குவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

கூட்டம் தொடங்கியது. ஹாஸ்டல் சுவர், கிணற்று மோட்டார், மதுரையிலிருந்து வர மறுக்கும் ஒரு லெக்சரர். என் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பிரிவின் பெயரைச் சொன்னார்கள். அதையும் எழுதினேன். யாரோ இங்கிலீஷில் சேர்க்கை குறைந்ததைச் சொன்னார்கள். அதற்கப்புறம் பேச்சு தெலுங்குக்குப் போனது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், வேகமாகப் பேசினார்கள். தெலுங்கு வந்துவிட்டால் எனக்கு ஒரு வசதி. அர்த்தத்தை வாசலில் நிறுத்த வேண்டிய வேலைகூட இல்லை, வெறும் சத்தம், கை தன்பாட்டுக்குப் போகும். 'ஈ ஏடாதிதோ சாலு' என்று ஒருவர் சொன்னார். ஏடாதி என்றால் வருஷம், சாலு என்றால் போதும் என்று ராஜபாளையத்தில் நாலு நாள் பஸ் ஏறினவருக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் எனக்கும் தெரியும். எழுதும்போது தெரியவில்லை. ஒரு சொல் விடாமல் எழுதினேன். அன்றைக்குக் கை அருமையாக ஓடியது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பேச்சு நின்றது. நிமிர்ந்தேன். மேஜையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். பிறகு தாளாளர், சரி, சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை போட வேண்டும் என்றார். எழுதினேன்.

கடைசியில், "டீச்சரம்மா, வாசிங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். முதலிலிருந்து வாசித்தேன். ஹாஸ்டல் சுவர் வாசித்தேன், மோட்டார் வாசித்தேன். எங்கள் பிரிவு வந்தது. தெலுங்கை வாசித்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முதல்வர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வரி தமிழில் இருந்தது. "டீச்சரம்மா, நீங்க என்ன சொல்றீங்க? உங்க பிரிவு. மூடவா, வைக்கவா? உங்க அபிப்பிராயம் தெரியணும்."

என் வாயாலேயே அதை வாசித்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி எனக்குக் கேட்டது.

அதற்கு அடுத்த கோடு 'சரி'. அதற்கு அடுத்தது 'சைக்கிள் ஸ்டாண்டு'. நடுவில் ஒன்றும் இல்லை. பேச்சு இல்லாத நேரத்துக்குச் சுருக்கெழுத்தில் கோடு கிடையாது. எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். மனப்பாடம் செய்தது முழுதாக நாக்கு நுனியில் இருந்தது, பிரிவை மூட வேண்டாம் சார் என்று தொடங்க வேண்டியதுதான். தாளாளர் கண்ணைத் திறக்காமலே, "உம், வாசிங்க" என்றார்.

"சரி. சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை" என்று வாசித்தேன்.

ஏன் அப்போதாவது சொல்லவில்லை என்று என் வீட்டுக்காரர் பிறகு பல தடவை கேட்டார். பயம் இல்லை. வாசிக்கும்போது நோட்டில் இல்லாத ஒரு சொல்லை நான் அதுவரை சேர்த்ததில்லை. இது காரணமா என்று எனக்கே தெரியவில்லை. உடம்பில் எங்கேயும் ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்கிவிட்டு வந்த வாய் மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மினிட்ஸை டைப் அடித்தேன். எங்கள் பிரிவு வந்த இடத்தில் நிறுத்தி, முதல்வரிடம் போய், துறைத் தலைவரின் கருத்து என்று போட்டு என்ன அடிக்கட்டும் என்று கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்து, "ஆட்சேபணை இல்லைனுதான் போடணும் டீச்சர். வேற என்ன போட?" என்றார். அப்படியே அடித்தேன். அடித்தலோ திருத்தலோ இல்லாமல் வந்தது.

இருந்த பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை பிரிவு நடந்தது. புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. கடைசி வருஷத்தில் பிள்ளைகளுக்குச் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தேன், பழையபடியே தலையங்கம் வாசித்தேன், எதைப் பற்றி என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன். என்னை ஆபீஸில் சூப்பிரண்ட் ஆக்கினார்கள். சம்பளம் குறையவில்லை, நாற்காலி கொஞ்சம் நல்ல நாற்காலி. டிராயிங் ஹால் இரண்டாவது கம்ப்யூட்டர் அறை ஆகப்போகிறது என்றார்கள். பிரிவு தொடங்கியபோது நான் கேட்ட புது மேஜைகள் அதற்கு வந்து இறங்கின.

மிஷின்களை ஏலத்தில் எடுத்தவர் வண்டி கொண்டுவந்த அன்று, ஹாலைத் திறந்துவிட்டு ரசீது கொடுக்க நான் போனேன். அட்டெண்டரும் இன்னொருவருமாகத் தூக்கி வெளியே வைத்தார்கள். தூக்கும்போது கேரேஜ் ஓடி மணி அடித்தது. அட்டெண்டர் ஒரு மிஷினைப் படியில் வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் ஓய்வு வருகிற வயசு.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"கேளுங்க."

"அன்னைக்கு மீட்டிங்ல நான் டீ குடுத்துட்டுச் சுவரோரமா நின்னேன்லா. முதலாளி உங்களக் கேட்டாவ. நீங்க குனிஞ்சு எழுதினீய. பொறவு நிமிந்து அவியளயே பாத்தீய. அவிய எல்லாரும் உங்களயே பாத்துக்கிட்டு இருந்தாவ. யாரும் பேசல. செத்த நேரம் இல்ல டீச்சர், எம்புட்டு நேரம்! சொல்லிருங்க டீச்சர், சொல்லிருங்கன்னு நான் சாமியக் கும்பிட்டுக்கிட்டு நிக்கேன். நீங்க பென்சில நோட்டுல வச்சமேனிக்கு இருக்கீய. கடைசில முதலாளியே தலையத் தொங்கப்போட்டுட்டாவ. அம்புட்டு நேரம் நீங்க என்னதான் டீச்சர் நெனச்சிக்கிட்டு இருந்தீய?"

வண்டிக்காரர் ரசீதுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுத்தேன்.

"மேல சொல்லுவாங்க, எழுதலாம்னு இருந்தேன்" என்றேன்.